"முதலில் ஆதரவு, பிறகு மதிப்பீடு" என்று பள்ளி சொன்னால்: அமெரிக்கச் சிறப்புக் கல்வியின் முதற்கட்டம்

அமெரிக்கப் பள்ளியில் பிள்ளை வாசிப்பிலோ கணக்கிலோ பின்தங்கிப் போகிறது. பெற்றோர், "சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். "முதலில் கூடுதல் ஆதரவு கொடுத்துப் பார்ப்போம், எட்டு வாரம் கழித்துப் பேசலாம்" என்கிறது பள்ளி. எட்டு வாரம் பதினாறாகிறது, கோடை விடுமுறையும் வந்துவிடுகிறது. வேறு பள்ளிகளில் கதை தலைகீழ். விடுபட்ட பாடத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாலே தேறிவிடக்கூடிய பிள்ளையை, இரண்டாவது மாதத்திலேயே மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டு தவறுகளும் ஒரே விதிகளைச் சொல்லித்தான் நடக்கின்றன. ஆதரவு என்ற பெயரில் உண்மையில் என்ன கற்பிக்கப்பட்டது, அதன் பலனை யார் எப்படி அளந்தார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாத இடங்களில்தான் இவை நேர்கின்றன. அளவீட்டோடு கொடுக்கப்படும் ஆதரவு பிள்ளையையும் தேற்றும், மதிப்பீட்டுக்கான ஆதாரத்தையும் சேர்த்துத் தரும். அளவீடு இல்லாத ஆதரவு வெறும் தாமதம்.

## அடிப்படை: சட்டமும் சொற்களும்

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 94-142, மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாத, பொருத்தமான பொதுக் கல்வியை உரிமையாக்கியது. 1990இல் அதற்கு 'ஐடியா' என்ற இன்றைய பெயர் வந்தது. 2004இல் பெரிய திருத்தம் நடந்தது. இந்தக் கட்டுரையில் பேசப்படும் பெரும்பாலான விதிகள் அந்தத் திருத்தத்தையும் அதையொட்டி வந்த கூட்டாட்சி விதிமுறைகளையும் சார்ந்தவை.

அடிக்கடி காதில் விழும் சொற்கள்:

1. இடையீடு. குறிப்பிட்ட ஒரு குறையை இலக்கு வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு, வழக்கமான பாடத்துக்கு மேல் கொடுக்கப்படும் கற்பித்தல். முன்வரிசையில் உட்கார வைப்பதும், தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பதும் வசதி செய்து கொடுப்பவை. உதவிதான் என்றாலும் அவை எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, அதனால் இடையீடு ஆகா.
2. பரிந்துரை. "இந்தப் பிள்ளைக்குக் குறைபாடு இருக்கலாம், மதிப்பிடுங்கள்" என்ற கோரிக்கை. பெற்றோரும் வைக்கலாம், பள்ளியும் வைக்கலாம்.
3. மதிப்பீடு. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் உளவியலாளர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் நடத்தும் முழுமையான ஆய்வு. எந்தப் பாடமுறை பொருந்தும் என்று அறிய ஆசிரியர் வகுப்பில் நடத்தும் சிறு சோதனைகள் இந்தக் கணக்கில் சேராது.
4. தகுதி. சட்டம் பட்டியலிடும் 13 வகைக் குறைபாடுகளில் ஒன்று இருக்க வேண்டும். அதன் காரணமாகச் சிறப்புக் கல்வி தேவைப்படவும் வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று மட்டும் போதாமல் போவது இரண்டாவது நிபந்தனையால்.
5. ஐ.இ.பி. தகுதி உறுதியானபின் அந்தப் பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்.

## மதிப்பீட்டுக்கு முன் ஆதரவு என்ற கட்டம் ஏன் வந்தது

முதற்காரணம் தவறான முத்திரை. 1970இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே மாவட்டத்தில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகளின் சார்பில் டயானா வழக்கு தொடரப்பட்டது. ஆங்கிலத்தில் நடந்த நுண்ணறிவுச் சோதனையை வைத்து அவர்களை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் அந்த வரம்புக்கு மேலே போனது. குறை சோதனையின் மொழியில் இருந்தது. விலை கொடுத்தது குழந்தைகள்.

வயதும் இப்படி ஏமாற்றும். செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும் என்று விதியுள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தை வகுப்பிலேயே இளையது, செப்டம்பரில் பிறந்தது மூத்தது. இரு குழுவையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஆகஸ்டில் பிறந்தவர்களிடம் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி., 34 விழுக்காடு அதிகமாகக் கண்டறியப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு வயது இளைய பிள்ளையின் இயல்பான துறுதுறுப்பு, வகுப்பறையில் நோயாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் நேரெதிரானது. கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய, நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருக்க வேண்டும் என்பது பழைய முறை. முதல் வகுப்பில் எல்லோருமே கொஞ்சம்தான் படிப்பார்கள் என்பதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் அது போதிய அளவு விரியும். பிள்ளை தோற்கும்வரை காத்திருக்கும் முறை என்று இதைக் கல்வியாளர்கள் கண்டித்தார்கள். 2004 திருத்தம் இந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாகக் கேட்பதைத் தடுத்தது. ஆய்வால் நிறுவப்பட்ட இடையீட்டுக்குப் பிள்ளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்து முடிவெடுக்கவும் வழிவிட்டது. பள்ளிகள் ஆர்.டி.ஐ. என்று சொல்வது இதைத்தான். நடத்தை ஆதரவையும் சேர்த்து விரித்த வடிவத்துக்கு எம்.டி.எஸ்.எஸ். என்று பெயர்.

சட்டத்தின் இன்னொரு விதி இந்தக் கட்டத்துக்கு அச்சாணி. வாசிப்பிலோ கணக்கிலோ முறையான கற்பித்தல் கிடைக்காததோ, ஆங்கிலம் போதாததோ பின்தங்கலுக்கு முதன்மைக் காரணம் என்றால், அந்தப் பிள்ளையைக் குறைபாடு உடையவர் என்று தீர்மானிக்கக் கூடாது. கற்றல் குறைபாடு என்ற சந்தேகம் எழும்போது, பரிந்துரைக்கு முன்போ அதன் பகுதியாகவோ முறையான கற்பித்தல் நடந்ததைக் காட்டும் தரவையும், சீரான இடைவெளியில் எடுத்த அளவீடுகளையும் குழு பார்க்க வேண்டும் என்கிறது விதிமுறை 300.309. "முன்போ அதன் பகுதியாகவோ" என்ற சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பற்றிய விவாதம் முழுக்க அதில்தான் நிற்கிறது.

## மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு, வகுப்பில் எல்லோருக்கும் நடக்கும் பாடம். ஆண்டுக்கு மூன்று முறை எல்லோருக்கும் சிறு சோதனை உண்டு. இரண்டாம் அடுக்கு, சிறு குழு இடையீடு. வாசிப்புக்கு வாரம் 3 முதல் 5 முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 40 நிமிடம் என்று கூட்டாட்சிக் கல்வித் துறையின் வழிகாட்டி 2009இல் சொன்னது. மூன்றாம் அடுக்கில் குழு இன்னும் சிறியது, பெரும்பாலும் தனியாள், நேரமும் அதிகம். ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் முதல் அடுக்கிலேயே தேற வேண்டும், 15 விழுக்காட்டினருக்கு இரண்டாவது, 5 விழுக்காட்டினருக்கு மூன்றாவது என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பு ஒரு சோதனைக்கருவியும்கூட. அந்தச் சிறு சோதனையில் தேறுவதற்கான வரம்புக்குக் கீழே வகுப்பில் பாதிப்பேர் இருந்தால் அங்கே பிரச்சினை தனிப்பிள்ளையிடம் இல்லை. பாடமுறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வகுப்பில் பத்துப் பிள்ளைகளைத் தனியே எடுத்து இடையீடு கொடுப்பது ஆசிரியர்களைக் களைக்க வைக்குமே தவிர எண்ணிக்கையைக் குறைக்காது. மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து நாள்தோறும் 15 நிமிடம் மாறி மாறி வாசிக்க வைப்பது போன்ற முழு வகுப்புப் பயிற்சி அங்கே பொருந்தும்.

## இடையீட்டுக்கு முன் விலக்க வேண்டியவை

ஒரு வாரத்தில் முடிகிற வேலைகள் இவை. ஆனாலும் கோப்புகளில் அடிக்கடி விடுபட்டிருக்கும்.

1. கண்ணும் காதும். பள்ளிச் செவிலியரின் சோதனை எப்போது நடந்தது என்று பாருங்கள். கரும்பலகைத் தொலைவுக்கு மட்டும் சோதித்திருந்தால் புத்தகத் தொலைவில் உள்ள சிக்கல் தப்பிவிடும். நடுக்காதில் அடிக்கடி நீர் கோக்கும் குழந்தைக்குக் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு நாள் சோதனையில் தேறிவிட்டது என்பதால் ஆண்டு முழுவதும் காது சரி என்று கொள்ள முடியாது.
2. வருகை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள், வராமல் போவதைத் தொடர் வருகையின்மை என்கிறார்கள். காலை முதல் மணி நேரம்தான் வாசிப்புப் பாடம் என்றால், தினமும் தாமதமாக வருவதும் இதே இழப்புதான்.
3. பள்ளி மாற்றம். இரண்டு ஆண்டில் மூன்று பள்ளி மாறிய பிள்ளை, எந்தப் பாடமுறையிலும் முழுச்சுற்று முடித்திருக்காது.
4. மொழி. பேச்சு ஆங்கிலம் ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடநூல் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம். விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு, "மொழிப் பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. ஒப்பிட வேண்டியது, அதே அளவு காலம் ஆங்கிலம் கற்ற, அதே வீட்டுமொழிப் பிள்ளைகளோடு. தமிழ் எழுத்தில் ப என்ற ஒரே எழுத்துதான் இரு ஒலிக்கும். தமிழை முதல்மொழியாகக் கற்ற பிள்ளை ஆங்கிலத்தில் 'p', 'b' ஒலிகளை மாற்றிப் போடுவது மொழித் தாக்கமாக இருக்கலாம், அதை மட்டும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறியாகக் கொள்ளக் கூடாது. தமிழிலும் கதை சொல்லத் திணறுகிறதா, எதுகைச் சொற்கள் பிடிபடவில்லையா, சொற்களை நினைவில் வைக்க முடியவில்லையா என்று கேட்டால்தான் படம் தெளியும். இரு மொழியிலும் சிக்கல் என்றால், "இன்னும் ஆங்கிலம் வரவில்லை" என்று காத்திருப்பது அநியாயம்.

## பிரச்சினையை அளக்கும் சொற்களில் எழுதுதல்

"வாசிப்பில் பலவீனம்", "சோம்பேறி", "கவனம் இல்லை" போன்ற வரிகளை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. எண்ணக்கூடிய ஒன்று வேண்டும்.

இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். குளிர்கால அளவீட்டில், தன் வகுப்பு நிலைப் பத்திகள் மூன்றை, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், உரக்க வாசிக்கிறாள். மூன்று நொடி தயங்கினால் ஆசிரியர் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிழையாகக் குறிக்கிறார். தானே திருத்திக்கொண்டால் அது சரி. சரியான சொற்கள் 38, 42, 47 என்று வருகின்றன. நடு எண்ணான 42தான் தொடக்க நிலை. சராசரி எடுப்பதில்லை, ஏனெனில் ஒரு பத்தி தற்செயலாக எளிதாகவோ கடினமாகவோ அமைந்துவிட்டால் சராசரி இழுபடும். 2017இல் வெளியான தேசிய அளவுகோலின்படி இரண்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் நடுநிலை மாணவர் 84 சொல், 25ஆம் சதமான மாணவர், அதாவது நூறு பேரில் கீழிருந்து 25ஆவதாக வருபவர், 59 சொல் வாசிக்கிறார். இப்போது பிரச்சினைக்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டது: 84 இருக்க வேண்டிய இடத்தில் 42.

அடுத்த கேள்வி: முடியவில்லையா, முயலவில்லையா? அதே தரத்துப் பத்தியை மறுநாள் கொடுத்து, "நேற்றைய எண்ணைத் தாண்டினால் உனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். 42 திடீரென்று 60 ஆனால் திறமை இருக்கிறது, ஊக்கம்தான் இல்லை. 43 என்று நின்றால் கற்றுக்கொடுக்க வேண்டியது பாக்கியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் மாதக்கணக்கில் தவறான இடையீடு ஓடும்.

முடியவில்லை என்றானபின் பிழைகளைப் பிரிக்க வேண்டும். மொத்தம் வாசித்த சொற்களில் 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சரி, ஆனால் மெதுவாக வாசிக்கிறாள் என்றால் சரளப் பயிற்சி போதும்: 100 சொல் அளவிலான ஒரே பத்தியை ஆசிரியர் ஒருமுறை வாசித்துக் காட்ட, மாணவி மூன்று நான்கு முறை வாசித்து ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்ப்பது. சரியான பங்கு 85 விழுக்காடு என்றால் அதே பயிற்சி தீங்கு, தவறாக வாசிப்பதையே பழக்கிவிடும். அங்கே எழுத்தொலிக் கற்பித்தல் வேண்டும். எந்த எழுத்துக்கூட்டில் சறுக்குகிறாள்? குற்றுயிரிலா, சொல்லின் இறுதியில் ஒலிக்காத 'e'யிலா, 'rain', 'boat' போல இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வரும் இடத்திலா? பிழைத்த சொற்களைப் பட்டியலிட்டால் பத்து நிமிடத்தில் விடை தெரியும். வாரத்துக்கு ஒன்று இரண்டு கூட்டுகளை எடுத்து, ஒலியைச் சொல்லி, சொல்லைக் கூட்டி, எழுதவைத்து, அந்தக் கூட்டுகள் நிறைந்த பத்தியை வாசிக்கவைப்பது இடையீடு.

கணக்கிலும் இதே முறைதான். பெருக்கல் வாய்ப்பாடு நிற்கவில்லை என்றால், தெரிந்த ஒன்பது அட்டைகளுக்கு இடையே தெரியாத ஒன்றைச் செருகி, அது அடிக்கடி திரும்பி வரும்படி பயிற்றுவது நன்கு சோதிக்கப்பட்ட வழி. இருபது புதிய அட்டைகளை ஒரே நாளில் கொடுத்தால் ஒன்றும் தங்காது. இரண்டு நிமிடத் தாளில் எத்தனை இலக்கம் சரி என்பதை அளவாகக் கொள்ளலாம்.

## இலக்குக் கோடு

42இல் நிற்கும் மாணவிக்கு ஆண்டு இறுதி வரை சுமார் 16 வாரம் இருக்கிறது. நடுநிலை மாணவர் இந்தக் காலத்தில் 84இலிருந்து 100க்குப் போகிறார், அதாவது வாரம் ஒரு சொல். இவளும் வாரம் ஒரு சொல் வளர்ந்தால் 58இல் நிற்பாள், இடைவெளி அப்படியே இருக்கும். "முன்னேற்றம் தெரிகிறது" என்ற ஆசிரியர் குறிப்பு உண்மையாக இருந்தும் பிள்ளை பின்தங்கியே இருப்பது இப்படித்தான். வாரம் 2 சொல் என்று இலக்கு வைத்தால் 42 + 32 = 74. வசந்த காலத்தின் 25ஆம் சதமானம் 72. ஆக, 74 எட்டத்தக்க, ஆனால் உழைப்பு வேண்டும் இலக்கு.

வரைபடத்தில் 42இலிருந்து 74க்கு ஒரு நேர்கோடு போட்டு, வாரம் ஒரு முறை ஒரு நிமிட வாசிப்பைக் குறியுங்கள். எட்டாவது வாரம் கோடு 58இல் இருக்கும். முடிவெடுக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்:

1. அடுத்தடுத்த நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் இடையீட்டை மாற்று.
2. நான்கும் மேலே என்றால் இலக்கை உயர்த்து.
3. மேலும் கீழுமாக இருந்தால் தொடர்.

ஒரே ஒரு மோசமான வாரத்தைப் பார்த்துப் பதறக் கூடாது. காய்ச்சல், தீப்பயிற்சி, கடினமான பத்தி என்று எதுவும் காரணமாகலாம்.

## எங்கே கெடுகிறது

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 13 மாநிலங்களின் 146 பள்ளிகளில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு பலரை அதிரவைத்தது. வரம்புக்குச் சற்றே கீழே இருந்து இடையீடு பெற்ற முதல் வகுப்புப் பிள்ளைகள், சற்றே மேலே இருந்து பெறாதவர்களைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். இடையீடே வீண் என்று இதைப் படிப்பது அவசரம். வரம்பை ஒட்டி நின்றவர்களைப் பற்றிய முடிவு அது, மிகவும் பின்தங்கியவர்களைப் பற்றியதல்ல. பல பள்ளிகளில் இடையீடு நடந்த நேரமும் கவனிக்க வேண்டியது: வகுப்பின் முதன்மை வாசிப்புப் பாடம் நடக்கும்போதே பிள்ளையை வெளியே எடுத்தார்கள். கூடுதலாகக் கொடுக்க வேண்டியதை மாற்றாகக் கொடுத்தால் மொத்த நேரம் கூடுவதில்லை.

மற்றப் பழுதுகளும் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாளில் வாரம் 5 நாள் × 30 நிமிடம் என்று இருக்கும். விடுமுறை, தேர்வு, ஆசிரியர் வராத நாள் எல்லாம் கழித்தால் 8 வாரத்தில் 40 அமர்வுக்குப் பதில் 22தான் நடந்திருக்கும். 40இல் 22 என்பது 55 விழுக்காடு. இந்த நிலையில் "இடையீட்டுக்குப் பலன் இல்லை" என்று எழுதுவது பொய்யான முடிவு, இடையீடே நடக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு அமர்வின் தேதியையும் நிமிடத்தையும் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்னொருவர் வந்து, செய்முறையின் படிகளில் எத்தனை நடந்தன என்று குறிக்க வேண்டும். பத்துப் படியில் குறைந்தது எட்டு நடந்திருக்க வேண்டும்.

வாசிப்பில் எழுத்தொலி தெரியாத மூன்று பேரையும், பொருள் புரியாத இரண்டு பேரையும் ஒரே குழுவில் உட்காரவைத்து ஒரே கணினிப் பயிற்சியைத் திறந்துவிடுவது மற்றொரு பழுது. நேரம் வசதிப்படுகிறது என்பதற்காகக் குழு அமைப்பதை ஏற்கவே முடியாது.

## நடத்தை என்றால்

"அடங்குவதில்லை" என்பதை, "20 நிமிடத் தனிவேலையில் 6 முறை எழுந்து போகிறான்" என்று மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று நெடுவரிசையில் ஐந்து நாள் குறியுங்கள். கவனம் கிடைக்கிறதா, வேலையிலிருந்து தப்பிக்கிறானா, வேண்டிய பொருள் கிடைக்கிறதா, அசைவே அவனுக்கு இதமா என்று வடிவம் தெரியும்.

கவனத்துக்காக என்றால் தினசரிப் புள்ளி அட்டை நன்றாக வேலை செய்யும். காலையில் ஒரு பெரியவரைச் சந்தித்து இலக்கை நினைவூட்டிக்கொள்கிறான். ஆறு பாடவேளை, மூன்று எதிர்பார்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 புள்ளி. மொத்தம் 36, அதில் 80 விழுக்காடு, அதாவது 29, அன்றைய இலக்கு. மாலையில் மறுபடி அவரைப் பார்த்துக் கணக்குப் போட்டு அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகிறான். வேலையிலிருந்து தப்பிக்க என்றால் இந்த அட்டை அவ்வளவாகப் பயன்படாது. அவனை வகுப்புக்கு வெளியே அனுப்புவது அவன் கேட்டதைக் கொடுப்பதாகிவிடும். வேலையின் அளவைச் சிறு துண்டுகளாக்கி, "உதவி வேண்டும்" என்று கேட்கக் கற்றுக்கொடுத்து, அந்த வேலை அவன் திறனுக்கு மேலே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாசிக்க முடியாத பிள்ளை வாசிப்பு வேளையில் கலாட்டா செய்வதைத் தண்டித்துத் தீர்க்க முடியாது.

## எப்போது காத்திருக்கக் கூடாது

டெக்சாஸ் மாநிலம் 2004இல் மாவட்டங்களைக் கண்காணிக்கும் அளவுகோலாக 8.5 விழுக்காட்டை வைத்தது. அதற்கு மேல் மாணவர்களைச் சிறப்புக் கல்வியில் வைத்திருந்த மாவட்டங்கள் ஆய்வுக்கு உள்ளாயின. மாநிலத்தில் சிறப்புக் கல்வி பெறுவோரின் பங்கு 11.6 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகச் சுருங்கியது. 2016இல் 'ஹூஸ்டன் குரோனிக்கிள்' நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியதாக முடிவு சொன்னது. "முதலில் இடையீடு" என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டதும் அந்தக் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

விதி ஐயமின்றி இருக்கிறது. இடையீட்டு நடைமுறையைக் காட்டி மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிச் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011 ஜனவரி 21 தேதியிட்ட குறிப்பாணையில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. குறைபாடு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், பிள்ளை வகுப்புக்கு வகுப்பு தேறிக்கொண்டிருந்தாலும்கூட, தேடிக் கண்டறிவது பள்ளியின் கடமை. "முன்போ அதன் பகுதியாகவோ" என்ற சொற்களின் பொருள் இங்கே தெரியும்: இடையீடும் மதிப்பீடும் ஒரே காலத்தில் ஓடலாம், அறுபது நாள் மதிப்பீட்டுக் காலத்திலேயே எட்டு வாரத் தரவு சேர்ந்துவிடும்.

கேட்கும் திறன் அல்லது பார்வை இழப்பு, ஆட்டிசம் பற்றிய சந்தேகம், தலைக் காயம், கற்றிருந்த திறன் திடீரென்று மறைவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றில் இடையீட்டுச் சுற்று முடியும்வரை நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

## பெற்றோர் செய்யக்கூடியது

1. எழுத்தில் கேளுங்கள். "என் பிள்ளைக்குக் குறைபாடு இருக்கலாம் என்று கருதுகிறேன். ஐடியா சட்டப்படி முழு மதிப்பீடு கோருகிறேன்" என்ற இரண்டு வரி போதும். தேதியிட்டு முதல்வருக்கும் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாசலில் நின்று ஆசிரியரிடம் சொன்னது பதிவாகாமல் போகலாம்.
2. பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒப்புதல் படிவம் வர வேண்டும், இல்லையென்றால் ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடும் எந்தத் தரவின் அடிப்படையில் என்பதோடும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு வர வேண்டும். "குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பது இரண்டிலும் சேராது.
3. நாள் கணக்கு ஒப்புதலில் தொடங்குகிறது. கூட்டாட்சி விதி, ஒப்புதல் கிடைத்ததிலிருந்து 60 நாள், மாநிலம் தனிக்காலம் வைத்திருந்தால் அது. கலிஃபோர்னியாவில் கோரிக்கைக்குப் பின் 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வர வேண்டும். டெக்சாஸில் எழுத்துக் கோரிக்கைக்கு 15 பள்ளி நாளில் பதிலும், ஒப்புதலுக்குப் பின் 45 பள்ளி நாளில் அறிக்கையும் வர வேண்டும். நியூ ஜெர்சியில் கோரிக்கைக்குப் பின் 20 நாளில் கூட்டம். படிவத்தைக் கையெழுத்திடாமல் வீட்டில் வைத்திருந்தால் கடிகாரம் ஓடாது.
4. ஆதரவை மறுக்காதீர்கள். மதிப்பீடு கேட்டதற்காக இடையீட்டை நிறுத்த வேண்டியதில்லை. இடையீடு எந்த முத்திரையும் குத்துவதில்லை.
5. இந்த ஆறையும் கேட்டு வாங்குங்கள்: இடையீட்டின் பெயர், எந்தத் திறனுக்கு, யார் நடத்துகிறார், வாரம் எத்தனை நிமிடம், நடந்த அமர்வுகளின் பட்டியல், வாராந்தர வரைபடம். வரைபடம் இல்லை என்று பதில் வந்தால், அதையே மின்னஞ்சலில் குறித்துக்கொண்டு மதிப்பீட்டுக் கோரிக்கையோடு சேர்த்து வையுங்கள்.

## குழு கூடும்போது எதைப் பார்க்கும்

நான்கு வடிவங்கள் வரும். பிள்ளை கோட்டைத் தாண்டி வளர்ந்து சகமாணவரை நெருங்கினால், இடையீட்டை மெல்லக் குறைத்து வாரம் ஒரு முறை அளந்துகொண்டிருக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் பலருக்குச் சரிவு வரும். வளர்கிறாள், ஆனால் தனியாள் பயிற்சி தினம் 45 நிமிடம் கொடுத்தால்தான் என்றால், அந்தத் தீவிரமே சிறப்புக் கல்வியின் தேவையைக் காட்டுகிறது. முறையாக நடந்த இரண்டு இடையீட்டிலும் கோடு தட்டையாகக் கிடந்தால் மதிப்பீட்டுக்கான காரணம் வலுவானது. இடையீடே சரிவர நடக்கவில்லை என்றால் தரவு எதையும் சொல்லாது. அந்தத் தவறுக்குப் பிள்ளையை இன்னொரு எட்டு வாரம் காக்கவைக்காமல், மதிப்பீட்டைத் தொடங்கி, கூடவே இடையீட்டை ஒழுங்காக நடத்துவதுதான் முறை.

தகுதி இல்லை என்று முடிவானாலும் கோப்பு மூடப்படுவதில்லை. குறைபாடு உண்டு, ஆனால் சிறப்புக் கற்பித்தல் தேவையில்லை என்றால் 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்கீழ் வசதிகள் கேட்கலாம். பள்ளியின் மதிப்பீட்டை ஏற்க முடியாத பெற்றோர், வெளி நிபுணரின் தனி மதிப்பீட்டைப் பள்ளிச் செலவில் கோரலாம். அப்போது பள்ளி அந்தச் செலவை ஏற்க வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரி என்று நிறுவ விசாரணைக்குப் போக வேண்டும். இரண்டாம் அடுக்கு ஆதரவு எந்த முடிவு வந்தாலும் தொடரலாம், 42இல் தொடங்கிய கோட்டில் அடுத்த வாரப் புள்ளியைக் குறிப்பதற்கு யாருடைய தகுதித் தீர்மானமும் தேவையில்லை.